மழையே இல்லாமல் 14 மி.மீ. மழை: மொட்டை மாடி வானிலை நிலையத்துக்கு உதவி வேண்டும்

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 14, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் இருக்கிறேன். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அன்று ராத்திரி முழுக்க மாடியில் உட்கார்ந்து, மழை வேகம் கூடுதா குறையுதா என்று தெரியாமல் தவித்தோம். எங்கள் தெருவின் மழையை நாங்களே அளக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது. இந்த வருஷம்தான் கைகூடியது.

போர்டு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை). கிண்ணக் காற்றுமானி, காற்றுத் திசைகாட்டி, தட்டும் வகை மழைமானி மூன்றும் சேர்ந்து வருகிற செட் ஒன்று வாங்கினேன். மழைமானிக்குள் இருக்கும் சின்னத் தொட்டி நிரம்பிச் சாய்ந்தால் ஒரு தட்டல்; ஒரு தட்டலுக்கு 0.2794 மி.மீ. என்று தாளில் போட்டிருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தத்துக்கு பிஎம்இ280 மாட்யூல். போர்டு மாடிப்படி ரூமுக்குள் இருக்கிறது. அங்கிருந்து கைப்பிடிச் சுவர் வரை 9 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, சுவர் மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு மாட்யூலை வைத்திருக்கிறேன். போர்டில் மழைமானி 34-ம் எண் பின்னில் (வயர் இணைக்கும் முனை), திசைகாட்டி 25-ல், காற்றுவேகம் 26-ல்.

நேற்று நல்ல வெயில். ஆனால் திரையில் 14 மி.மீ. மழை. திசைகாட்டி மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒழுங்காக வேலை செய்தது, மாடியில் வைஃபையோடு ஓட்டினால் எண்ணே வருவதில்லை. ஈரப்பதம் முதல் நாளிலிருந்தே பூஜ்யம். மதியம் 2 மணிக்கு 43.6 டிகிரி காட்டுகிறது, அதே நேரம் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் 36 சொச்சம். இதெல்லாம் போதாதென்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மாட்யூல் காணாமல் போய், போர்டை ரீசெட் செய்தால்தான் திரும்ப வருகிறது.

பருவமழை தொடங்க ஒரு மாதம்தான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

ரிச்சி_சாலிடர் | செப்டம்பர் 14, இரவு 10:25

தம்பி, முதல் இரண்டு பிரச்சினைக்கும் ஒரே மருந்து. 34-ல இருக்கிறதை 25-க்கு மாத்துங்க, 25-ல இருக்கிறதை 34-க்கு மாத்துங்க.

காரணம் சொல்றேன். இஎஸ்பி32-ல 34, 35, 36, 39 நாலும் உள்வாங்க மட்டும்தான். அந்த நாலுக்கும் உள்ளே புல்-அப் ரெசிஸ்டரே (வயரை 3.3 வோல்ட்டுல இழுத்துப் பிடிச்சு வைக்கிறது) கிடையாது. புரோகிராம்ல புல்-அப் கேட்டாலும் அது எர்ரர் எதுவும் காட்டாது, ரெசிஸ்டரும் வராது. உங்க மழைமானி வயர் இப்ப அந்தரத்துல தொங்குது, ஒரு ஆன்டெனா மாதிரி. பக்கத்துல எந்த மோட்டார் ஓடினாலும் அது தட்டல்னு எண்ணும்.

திசைகாட்டி கதை வேற. அதுக்குள்ள எட்டு ரீட் சுவிட்ச், எட்டு ரெசிஸ்டர். காந்தம் சுத்தும்போது ஒரு சுவிட்ச் மூடும், இல்லைன்னா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மூடும், அதனால 16 திசை கிடைக்கும். நாம படிக்கிறது வோல்ட்டேஜ். 25-ம் பின் ரெண்டாவது ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணா மாத்துற பகுதி) பிரிவைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்தப் பிரிவை வைஃபையே எடுத்துக்கும். மேசையில வைஃபை இல்லாம பார்த்தீங்க, வேலை செஞ்சது. அனலாக் எல்லாம் 32-லேர்ந்து 39-க்குள்ள வையுங்க.

மழைமானியை 25-க்குக் கொண்டுபோன பிறகும் உள் புல்-அப்பை நம்பாதீங்க, அது பலவீனம். வெளியில ஒரு 10 கிலோ ஓம் 3.3 வோல்ட்டுக்குப் போடுங்க. வயர்ல இருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு.

ஒரு கேள்வி: அந்த 14 மி.மீ. எத்தனை மணிக்கு வந்துச்சு?

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 15, காலை 7:05

அண்ணா, பதிவைப் பார்த்தேன். மொத்தம் 50 தட்டல். காலை 6:10-க்கு 27, சாயங்காலம் 5:30-க்கு 23. இரண்டும் நாங்கள் போர் மோட்டார் போடுகிற நேரம்!

ரிச்சி_சாலிடர் | செப்டம்பர் 15, காலை 9:12

அதேதான். ஸ்டார்ட்டர் இழுக்கிற நொடியில வர்ற இரைச்சல். பின்னை மாத்தி ரெசிஸ்டர் போட்டதும் நின்னுடும். கேபிள்ல மழைமானியோட ரெண்டு வயரையும் ஒரே முறுக்கு ஜோடியில கொண்டு வாங்க, தனித்தனி ஜோடியில வேண்டாம்.

செட்டோட வர்ற ஆர்ஜே11 பிளக்கை (டெலிபோன் வயர் பிளக் மாதிரி) வெட்டிட்டீங்களா? வெட்டலைன்னா கவனம்: காற்றுவேகமும் திசைகாட்டியும் ஒரே நாலு வயர்ல வரும். நடு ரெண்டும் காற்றுவேகம், ஓரம் ரெண்டும் திசைகாட்டி. மழைமானி தனி கேபிள். வயர் நிறம் பேட்ச்சுக்கு பேட்ச் மாறுது, நிறத்தை நம்பாம மல்டிமீட்டர்ல பாருங்க. கிண்ணத்தைக் கையால மெதுவா சுத்தினா பீப் விட்டு விட்டு வரும், அந்த ஜோடிதான் காற்றுவேகம். விநாடிக்கு ஒரு தடவை மூடினா மணிக்கு 2.4 கி.மீ. கணக்கு.

யாழ்_வளவு | செப்டம்பர் 15, காலை 11:30

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட வளவுக்கை மூண்டு வருசமா ஒரு நிலையம் ஓடுது.

உங்கட ஈரப்பதம் பூச்சியமா நிக்கிறதுக்குக் காரணம், அது பிஎம்இ280 இல்லை, பிஎம்பி280. எனக்கும் இப்பிடித்தான் ஒரு கடையில ஏமாத்தினவங்கள். பிஎம்பியில வெப்பநிலையும் அமுக்கமும் மட்டும்தான், ஈரப்பதம் அளக்கிற பகுதியே இல்லை. பலகையில எழுதியிருக்கிறதைப் பாராதேங்கோ, ரெண்டுக்கும் ஒரே பலகையைத்தான் அடிக்கினம். நடுவில இருக்கிற சின்ன உலோகப் பெட்டியைப் பாருங்கோ. சரிச் சதுரமெண்டால் பிஎம்இ, கொஞ்சம் நீள்சதுரமெண்டால் பிஎம்பி. சிப்பின்ர அடையாள எண்ணை வாசிச்சாலும் தெரியும்: பிஎம்இ எண்டால் ஹெக்ஸில (16 அடி எண்முறையில) 60, பிஎம்பி எண்டால் 58.

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 15, இரவு 8:50

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அண்ணை. நீள்சதுரம்தான். அடையாள எண்ணும் 58. இரண்டு வாரமாக நான் எழுதிய புரோகிராம்தான் தப்பு என்று திருத்திக்கொண்டே இருந்தேன்.

பின்களை மாற்றிவிட்டேன். மாலை மோட்டார் போட்டபோது ஒரு தட்டல்கூட வரவில்லை. திசைகாட்டியும் வைஃபையோடு பேசுகிறது. ரிச்சி அண்ணாவுக்கு நன்றி.

கோத்தகிரி_பனி | செப்டம்பர் 16, காலை 6:40

புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் பிஎம்பி280-ஐத் தூக்கி எறிய வேண்டாம், அழுத்தத்துக்கு அதுவே போதும். வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் தனியாக எஸ்எச்டி31 வாங்குங்கள். ஈரப்பதத்தில் பிஎம்இ280 கூட்டிக் குறைத்து 3 சதவீதம், எஸ்எச்டி31 2 சதவீதம். உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டரும் இருக்கிறது. எங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள் நுழைகிற நாட்களில் சென்சார் நனைந்து 100-லேயே ஒட்டிக்கொள்ளும், அந்த ஹீட்டரைச் சில விநாடி போட்டால்தான் மீளும். இரண்டின் முகவரியும் வேறு என்பதால் ஒரே இரண்டு வயரில் சேர்ந்து ஓடும். பிஎம்பி ஹெக்ஸ் 76 அல்லது 77, எஸ்எச்டி31 ஹெக்ஸ் 44 அல்லது 45.

டிஎச்டி22 என்ற ஈரப்பத சென்சாரை யாராவது மலிவு என்று சொன்னால் கேட்காதீர்கள். மூன்று வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

மாட்யூல் காணாமல் போவதற்குக் காரணம் அந்த 9 மீட்டர். ஐ2சி என்பது ஒரே பலகைக்குள் சிப்புக்கும் சிப்புக்கும் பேச உண்டானது. அந்த வயரின் மொத்த மின்கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) 400 பிக்கோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. கேட்6-ல் ஒரு மீட்டருக்கு 50 பக்கம் வரும், ஒன்பது மீட்டருக்கு 450 ஆகிவிட்டது. வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்து, புல்-அப்பை 2.2 கிலோ ஓம் ஆக்கினால் ஓடும். ஓடும், ஆனால் மழை நாளில் காலை வாரும்.

ரிச்சி_சாலிடர் | செப்டம்பர் 16, காலை 10:00

கோத்தகிரி சொல்றது சரி. நான் ஒரு படி மேல சொல்வேன்: போர்டையே கம்பத்துக்குக் கொண்டு போங்க. சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவுல அரை மீட்டருக்கு மேல வேண்டாம். வீட்டுக்குள்ள வர வேண்டியது வைஃபை மட்டும்தான். வயர் எதுவும் உள்ளே வரக் கூடாது.

இதை நான் வலியுறுத்துறதுக்கு இடிதான் காரணம். கம்பம் உங்க வீட்டு மாடியில உயரமான இரும்பு. பக்கத்துல மின்னல் இறங்கினாலே நீளமான கேபிள்ல வோல்ட்டேஜ் ஏறி வரும். எனக்கு அப்படித்தான் ரூட்டரும் டிவியும் போச்சு. கம்பத்தைத் தனியா தரைக்குக் கொண்டுபோய் எர்த் பண்ணுங்க. நேரடியா விழுந்தா எதுவும் காப்பாத்தாது. ஆனா சென்சாரோட போகும், வீட்டுக்குள்ள வராது. இடி சத்தம் கேட்டுச்சுன்னா எதைச் சரி பண்ணவும் மாடிக்குப் போகக் கூடாது. இது முக்கியம்.

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 16, பிற்பகல் 1:15

அப்படியானால் கரன்ட்?

ரிச்சி_சாலிடர் | செப்டம்பர் 16, பிற்பகல் 1:40

6 வோல்ட் சோலார் பேனல், சார்ஜர், ஒரு செல். செல் மட்டும் பார்த்து வாங்குங்க. சாதாரண லித்தியம் அயனை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது, மாடியில மூடின பெட்டிக்குள்ள அது ஈஸியா தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்குங்க, பெட்டியைப் பேனலுக்குப் பின்னாடி நிழல்ல கட்டுங்க. ஐப்பசியில வாரக்கணக்கா வெயில் வராது, அதுக்கும் தாங்குற மாதிரி பெரிய செல்.

போர்டு எப்பவும் முழிச்சிருக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து அனுப்பிட்டுத் தூங்கட்டும். ஆனா மழைத் தட்டல் வந்தா நடுவுலயும் எழுந்து எண்ணணும். இந்த மாதிரி எழுப்புறதுக்குத் தகுதியான பின்கள் சிலதுதான், 25 அதுல ஒண்ணு. காற்றை மட்டும் எழுந்திருக்கிற நேரத்துல எண்ணிக்கலாம்.

பெட்டிக்குக் கேபிள் அடிப்பக்கமா நுழையணும். நுழையறதுக்கு முன்னாடி வயரை ஒரு தடவை கீழே தொங்க விட்டு மேலே கொண்டு வாங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

பழைய_நோக்கர் | செப்டம்பர் 17, காலை 5:50

வானிலை ஆய்வுக்கூடத்தில் நோக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. அதை மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த 43.6 டிகிரியை யாரும் தொடவில்லை, அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தம்பி, உங்கள் சென்சார் தப்பாக அளக்கவில்லை. தன்னைச் சுற்றி இருக்கிற காற்று 43.6 என்று சரியாகவே சொல்கிறது. நீங்கள் அளந்தது டப்பாவுக்குள் அடைபட்ட காற்று, அதற்குக் கீழே நாளெல்லாம் வெயில் குடித்த கைப்பிடிச் சுவர். ஊரின் காற்று எவ்வளவு சூடு என்பதுதான் நமக்கு வேண்டியது. அதற்கு நிழலும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். உங்கள் டப்பாவில் நிழல் மட்டும் இருக்கிறது.

நாங்கள் பயன்படுத்தியது ஸ்டீவன்சன் பெட்டி. வெள்ளை அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் இரட்டைச் சட்டங்கள் சாய்வாக, கதவு வடக்குப் பார்த்து இருக்கும். திறக்கும்போது வெயில் வெப்பமானி மேல் விழக் கூடாது என்பதற்காக. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள் வெப்பமானி, கீழே புல் அல்லது வெறும் மண். சிமெண்ட் கூடாது.

வீட்டைச் சுற்றி மண் தரை இருந்தால் வெப்பமானியை மாடியில் வைக்காதீர்கள். கீழே கொண்டு வாருங்கள். காற்றுமானியும் மழைமானியும் மாடியில், வெப்பமானி கீழே என்று பிரித்து வைப்பதில் ஒரு தவறும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் மாட்ட வேண்டும் என்பது கருவி விற்பவர்களின் வசதி.

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 17, இரவு 9:20

ஐயா, அரை கிரவுண்ட் மனை. பின்பக்கம் ஆறடி இடம் இருக்கிறது, அதுவும் சிமெண்ட் போட்டது, பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட் அங்கேதான் காற்றைத் தள்ளுகிறது. மாடியைத் தவிர வேறு வழியில்லை.

பழைய_நோக்கர் | செப்டம்பர் 18, காலை 5:45

அப்படியானால் மாடியிலேயே செய்வோம். கைப்பிடிச் சுவரை விட்டு விலகி, தண்ணீர்த் தொட்டியை விட்டு விலகி, மாடியின் நடுவில். தளத்திலிருந்து 2 மீட்டர் உயரம். கூடு மட்டும் அடுக்குத் தட்டு வகையாக இருக்கட்டும், காற்று எந்தத் திசையிலிருந்தும் ஊடுருவிப் போக வேண்டும். கூட்டுக்கு நேர் கீழே ஒரு நாலுக்கு நாலு அடிக்குத் தொட்டிச் செடிகளை அடுக்கி வையுங்கள். உங்கள் பதிவைப் பார்ப்பவருக்கு இது மாடி அளவீடு என்று தெரிய வேண்டும், அதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள். எந்தக் கருவியை எந்தத் தேதியில் நகர்த்தினீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் வந்தது 1792-ல். அவ்வளவு நீண்ட பதிவை இன்றும் நம்பிப் பயன்படுத்த முடிகிறதென்றால், கருவி எங்கே, எந்த நேரத்தில் என்று குறித்து வைத்தவர்கள் இருந்ததால்தான்.

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 25, இரவு 10:10

கூடு செய்துவிட்டேன். நர்சரியில் வெள்ளைப் பூந்தொட்டித் தட்டு 9 வாங்கினேன். மேலே உள்ள இரண்டை அப்படியே விட்டு, மற்ற ஏழிலும் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்தேன். மூன்று மரைக்கம்பியில் கோத்து, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 2 செ.மீ. பிவிசி பைப்புத் துண்டு. தட்டுகளைக் கவிழ்த்துக் கோத்ததால் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வெளிப்பக்கமாகவே இறங்குகிறது. எஸ்எச்டி31 நடுவில் தொங்குகிறது.

இன்று மதியம் 2 மணிக்கு 37.3. மீனம்பாக்கம் 36.1. காற்றே இல்லாத நேரத்தில் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ராத்திரி 10 மணிக்கு எங்கள் மாடி ஒரு டிகிரி அதிகம். தளத்தில் கை வைத்துப் பார்த்தேன், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

கோத்தகிரி_பனி | செப்டம்பர் 26, காலை 7:00

நல்ல வேலை. ஈரப்பதத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அகல வாய் கண்ணாடி பாட்டில் ஒன்றில் இரண்டு ஸ்பூன் சாப்பாட்டு உப்பு, அது சேறு போல நனைகிற அளவு மட்டும் தண்ணீர். சென்சாரை உப்பில் படாமல் உள்ளே தொங்கவிட்டு மூடி, நிழலில் ஒரு ராத்திரி. காலையில் 75 காட்ட வேண்டும். சமையலுப்பின் நிறைகரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் எப்போதும் அந்த 75-ஐ ஒட்டித்தான் இருக்கும். எவர்சில்வர் டப்பாவில் வைக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது.

முடிச்சூர்_மாடி | செப்டம்பர் 27, காலை 6:30

76.4. மனம் நிறைந்தது.

ஒரத்தநாடு_வயல் | செப்டம்பர் 28, மாலை 4:35

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு அழுத்தமானி வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு 3, 4 மில்லிபார் குறைந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள் தாழ்வுநிலை வருகிறதோ என்று நாத்து விடுவதைத் தள்ளிப்போட்டேன். கருவி கெட்டதா?

பழைய_நோக்கர் | செப்டம்பர் 29, காலை 5:40

கெடவில்லை. நம் பகுதியில் காற்றழுத்தத்துக்குத் தினசரி ஏற்றஇறக்கம் உண்டு, கடல் ஓதம் போல. காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வருவது. நில நடுக்கோட்டை நெருங்க நெருங்க இது தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவுக்கு எழுதிய புத்தகங்களில் சொல்கிறபடி 3 மில்லிபார் இறங்கினால் மழை என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது இன்று மாலை 4 மணிக்கும் நேற்று மாலை 4 மணிக்கும் உள்ள வித்தியாசம். அது இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் வானொலியைக் கேளுங்கள்.

இன்னொன்று, கடல் மட்டத்துக்குத் திருத்திய எண்தானா என்று பாருங்கள். தாழ்வான ஊர்களில் ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்கு ஒரு மில்லிபார் குறையும். கோயம்புத்தூர்க்காரர் திருத்தாமல் பார்த்தால் எந்நேரமும் புயல் மையத்தில் இருப்பது போலத் தெரியும்.

ஒரத்தநாடு_வயல் | செப்டம்பர் 29, காலை 8:15

ரொம்ப நன்றி ஐயா. நாளைக்கே நாத்து விடுகிறோம்.

முடிச்சூர்_மாடி | அக்டோபர் 3, இரவு 9:00

மழைமானியைச் சோதித்தேன். வாய் 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், அதாவது 55 சதுர செ.மீ. 550 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 100 மி.மீ. மழைக்குச் சமம். 0.2794 உண்மையென்றால் 358 தட்டல் வர வேண்டும்.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் செட் ஒன்று வாங்கினேன். பாட்டிலைக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு, சக்கரத்தைத் திருகி, சொட்டுச் சொட்டாகப் புனலில் விட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருக்கிற சின்ன ஏற்றம் போன்ற தொட்டி ஒரு பக்கம் நிரம்பி, ஒரு கணம் தயங்கி, டக்கென்று சாய்கிறது. அந்தச் சத்தத்தை என் மகளும் சேர்ந்து எண்ணினாள். 331 தட்டல். ஆக ஒரு தட்டலுக்கு 0.302 மி.மீ.

அதே அளவை 50 நிமிடத்தில் வேகமாக விட்டால் 322 தான் வருகிறது. ஏன் குறைகிறது?

ரிச்சி_சாலிடர் | அக்டோபர் 3, இரவு 9:45

தொட்டி சாயுற அந்தக் கணத்துல மேலேர்ந்து விழுற தண்ணி நிரம்பின பக்கத்துலயே விழுது, அது கணக்குல வராது. மழை வேகம் கூடக் கூட அந்த இழப்பும் கூடும். எல்லா தட்டும் மழைமானிக்கும் இது உண்டு. புரோகிராம்ல 0.302 போடுங்க. வேகமான மழைக்குத் தனித் திருத்தம் பின்னாடி பார்த்துக்கலாம்.

கொத்தனார் ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் மட்டம் பார்த்தீங்களா? சாஞ்சிருந்தா ஒரு பக்கம் சீக்கிரம் தட்டும்.

யாழ்_வளவு | அக்டோபர் 4, காலை 10:20

உட்பக்கத்தையும் மாதம் ஒருக்கால் திறந்து பாருங்கோ. எங்கட மழைமானி போன வருசம் மாரியில ஒரு கிழமை ஒண்டும் காட்டேல்லை. திறந்து பார்த்தால் தட்டுற தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில சிலந்தி வலை. அந்த ஒரு இழை தொட்டியைச் சாய விடாமல் இழுத்துப் பிடிச்சு வைச்சிருந்தது. வேப்பமிலை புனலை அடைக்கும், குளவி வெப்பமானிக் கூட்டுக்கை மண்கூடு கட்டும். புனலுக்கு ஒரு கம்பி வலை போடுங்கோ.

கடற்கரை ஊர்க்காரருக்கு ஒண்டு: ஆணி, கிளாம்ப் எல்லாம் துருப்பிடியாத இரும்பா வாங்குங்கோ. சாலிடர் பிடிச்ச இடமெல்லாம் நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு தரம் பூசுங்கோ, உப்புக்காத்து தின்னாது. சென்சாரின்ர துவாரத்திலை மட்டும் பட்டிடக் கூடாது.

முடிச்சூர்_மாடி | அக்டோபர் 4, இரவு 8:30

திறந்து பார்த்தேன் அண்ணை. இப்போதே ஒரு சின்னப் பல்லி முட்டை இருந்தது. வலை போட்டுவிட்டேன்.

கடைசியாகத் திசைகாட்டி. போன் திசைகாட்டியைக் கம்பத்தருகே கொண்டுபோனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வடக்கு காட்டுகிறது.

பழைய_நோக்கர் | அக்டோபர் 5, காலை 5:50

கம்பத்து இரும்பு போனுக்குள் இருக்கும் காந்த சென்சாரைக் குழப்புகிறது. போனை விட்டுவிட்டு வெயிலைப் பயன்படுத்துங்கள். இந்த வாரம் உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ பகல் 11:58-க்கு. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சரியாக அந்த நேரத்தில் நூலின் நிழல் தளத்தில் விழும் கோட்டைச் சாக்பீஸால் இழுங்கள். இப்போது சூரியன் நமக்குத் தெற்கே இருப்பதால் நிழல் போகும் பக்கம் வடக்கு. சித்திரை, வைகாசியில் இதைச் செய்யாதீர்கள், அப்போது சூரியன் தலைக்கு மேலும் வடக்கேயும் போய்விடும்.

திசைகாட்டியின் மூக்கு காற்று வருகிற பக்கத்தைக் காட்டும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நம் முன்னோரும் காற்று வரும் திசையை வைத்தே பெயர் சொன்னார்கள். உங்கள் திரையில் இந்தப் பெயர்களையே போடலாம்.

காற்றின் வேகத்துக்குத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரம் என்பது விதி. வீட்டு மாடியில் அது கிடைக்காது. தொட்டியின் உச்சியை விட முடிந்த அளவு உயர்த்துங்கள், வேகத்தைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். திசை அதைவிட நம்பகமாக இருக்கும்.

யாழ்_வளவு | அக்டோபர் 5, காலை 9:10

எங்கட ஊரில வைகாசிக்குப் பிறகு அடிக்கிற தென்மேல் காத்தைச் சோழகம் எண்டுதான் சொல்லுவம். என்ர திரையில சோழகம், வாடை எண்டுதான் போட்டிருக்கிறன்.

ரிச்சி_சாலிடர் | அக்டோபர் 5, காலை 11:00

திசைக்கான வோல்ட்டேஜ் அட்டவணையை நெட்லேர்ந்து எடுக்காதீங்க. 10 கிலோ ஓம், 3.3 வோல்ட்டுக்கு வடக்கு 2.53, கிழக்கு 0.30, தெற்கு 0.93, மேற்கு 3.05 வரணும். ஆனா இஎஸ்பி32-ஓட ஏடிசி மேல்பக்கத்துல நேரா அளக்காது, மேற்கும் வடமேற்கும் குழம்பும். மூக்கைக் கையால 16 திசைக்கும் திருப்பி, அந்தப் போர்டு என்ன எண் சொல்லுதோ அதையே எழுதி அட்டவணை போடுங்க. அப்பவும் குழம்பினா ஏடிஎஸ்1115-னு வெளி ஏடிசி ஒண்ணு இருக்கு, அதே ஐ2சி வயர்ல சேரும்.

பழைய_நோக்கர் | அக்டோபர் 12, காலை 6:05

பருவமழைக்கு முன் ஒரு வேண்டுகோள். மின்மழைமானிக்குப் பக்கத்தில் கைமானி ஒன்று வையுங்கள். 16 செ.மீ. வாய் உள்ள புனல், கீழே 5 லிட்டர் கேன். 20.1 மி.லி. தண்ணீர் ஒரு மி.மீ. மழை. 5 லிட்டர் கிட்டத்தட்ட 25 செ.மீ. வரை தாங்கும். 2015-ஐப் பார்த்தவர் நீங்கள், சிறிய பாட்டில் வைக்க மாட்டீர்கள். தொட்டியும் படிக்கட்டு ரூமும் மானியின் வாயை விட எவ்வளவு உயரமோ, அதற்கு இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்கட்டும்.

உங்கள் நிலையம் நள்ளிரவில் பூஜ்யம் ஆகிறது என்று நினைக்கிறேன். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. பத்திரிகையில் வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் உங்கள் கணக்கும் 8:30-க்கு மாற வேண்டும்.

முடிச்சூர்_மாடி | அக்டோபர் 12, இரவு 9:30

ஆமாம் ஐயா, நள்ளிரவில்தான் பூஜ்யம் ஆனது. செப்டம்பரில் பெய்த இரண்டு மழையும் பத்திரிகையோடு ஒத்துப்போகாமல் குழம்பியதற்கு இதுவும் காரணம். மாற்றிவிட்டேன். கேனும் வைத்துவிட்டேன்.

முடிச்சூர்_மாடி | அக்டோபர் 23, காலை 9:05

ராத்திரி முழுக்க மழை. காலை 8:30-க்குக் குடையோடு மேலே போய்க் கேனை இறக்கி, அளவுக் குவளையில் ஊற்றினேன்: 1,335 மி.லி., அதாவது 66.4 மி.மீ. மின்மழைமானியில் 214 தட்டல், 64.6 மி.மீ. அதிகாலை 3:20-லிருந்து 3:50 வரை மட்டும் 81 தட்டல். குறைந்த 2 மி.மீ.-க்கு அந்த வேகமான மழையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சோலார் செல் தாங்கியது. மாட்யூல் ஒரு தடவைகூடக் காணாமல் போகவில்லை. 3:20-க்குப் போன் அடித்து எழுப்பியது, வண்டியை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன்.

பழைய_நோக்கர் | அக்டோபர் 23, காலை 9:40

64.5 மி.மீ.-ஐத் தாண்டினால் துறையின் வகைப்பாட்டில் கனமழை. நோட்டில் கைமானியின் 66.4-ஐ எழுதுங்கள், பக்கத்தில் மின்மானியின் எண்ணையும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு மழைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால் வேகமான மழைக்கான திருத்தத்தை அதிலிருந்தே கணக்கிடலாம்.

முடிச்சூர்_மாடி | அக்டோபர் 23, காலை 9:52

எழுதிவிட்டேன் ஐயா. மறுபடி தூற ஆரம்பித்திருக்கிறது. மூக்கு வடகிழக்கில் நிற்கிறது.